அண்ட் கேட்டில் 0 வரவேண்டிய இடத்தில் 2.78 வோல்ட் வருகிறது. டயோடு, ரெசிஸ்டர் தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

#1 குமிழ்விளக்கு

அனைவருக்கும் வணக்கம். மின்னணுவியல் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரிக் கண்காட்சிக்கு ஓர் அரைக்கூட்டி (இரண்டு ஓரிலக்க இரும எண்களைக் கூட்டும் சுற்று) செய்ய வேண்டும் என்பது என் ஆசை. ஐசி (முழுச் சுற்றும் ஒரே சில்லுக்குள் அடங்கியது) வைத்தால் கறுப்புப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. அதனால் மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் டயோடும், அதைத் தடுத்துக் குறைக்கும் ரெசிஸ்டரும் மட்டும் வைத்து, ஒவ்வொரு வழியும் கண்ணுக்குத் தெரியும்படி செய்ய நினைத்தேன். முதல் கேட்டான அண்ட் கேட்டிலேயே (எல்லா உள்ளீடும் 1 ஆனால் மட்டும் 1 தருவது) நின்றுவிட்டேன்.

நான் அமைத்தது இதுதான். செல்பேசி சார்ஜரிலிருந்து 5 வோல்ட். ஏ, பி என்று இரண்டு அழுத்துப் பொத்தான்கள். அழுத்தினால் உள்ளீட்டுக்கு 5 வோல்ட் வரும். கையை எடுத்தால் 0 ஆகட்டும் என்று ஒவ்வோர் உள்ளீட்டிலிருந்தும் கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் புல்-டவுன் (கீழே 0-க்கு இழுக்கும் ரெசிஸ்டர்). ஒவ்வோர் உள்ளீட்டிலும் ஒரு 1என்4148 டயோடு, கறுப்பு வளையம் உள்ள முனை (மின்னோட்டம் வெளியேறும் முனை) பொத்தான் பக்கம். மற்ற இரு முனைகளும் சேரும் புள்ளிதான் வெளியீடு. அந்தப் புள்ளியிலிருந்து 5 வோல்ட்டுக்கு இன்னொரு 10 கிலோ ஓம் புல்-அப் (மேலே இழுக்கும் ரெசிஸ்டர்).

மல்டிமீட்டர் காட்டியவை:
இரண்டையும் அழுத்தினால் 4.98 வோல்ட்.
ஒன்றை மட்டும் அழுத்தினால் 2.78.
எதையும் அழுத்தாவிட்டால் 2.02.

முதலில் வெளியீட்டில் 330 ஓமுடன் ஒரு சிவப்பு எல்.இ.டி. வைத்திருந்தேன். எதை அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் அது மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. அதைக் கழற்றிவிட்டுத்தான் மேலே உள்ள அளவுகளை எடுத்தேன். டயோடுகளை மூன்று முறை மாற்றினேன். பிரெட்போர்டில் வேறு வரிசைக்கும் நகர்த்திப் பார்த்தேன். விடுதி அறையில் என் தோழி விளக்கை அணைத்துத் தூங்கிவிட்டாள், நான் இன்னும் மேசை விளக்கில் உட்கார்ந்திருக்கிறேன். புத்தகத்தின் மெய் அட்டவணையில் 0 என்று இருக்கும் இடத்தில் எனக்கு ஏன் 2.78 வருகிறது?

#2 செம்புக்கம்பி

புல்-அப் பலவீனமாக இருக்கிறது, தங்கையே. 10 கிலோ ஓம் வழியாக எல்.இ.டி.க்கு 0.3 மில்லிஆம்பியர்தான் கிடைக்கும், அதனால்தான் மங்கல். அதை எடுத்துவிட்டு 1 கிலோ ஓம் போட்டுப் பாருங்கள்.

#3 குமிழ்விளக்கு

நன்றி அண்ணா. போட்டுப் பார்த்தேன், நிலைமை மோசமாகிவிட்டது. இப்போது ஒரே பொத்தானை அழுத்தினாலும் வெளியீடு 4.6 வோல்ட். கேட்டே இல்லாததுபோல் இருக்கிறது.

#4 பழைய வானொலி

அம்மா, உன் டயோடுகளில் குறை இல்லை, பிரெட்போர்டிலும் குறை இல்லை. மல்டிமீட்டர் உண்மையைத்தான் சொல்கிறது. முப்பது வருடங்களுக்கு மேல் வானொலி, தொலைக்காட்சி பழுது பார்த்தவன் நான். இந்தச் சுற்றில் எல்லோருடைய கண்ணும் டயோடு மேல்தான் போகும். வேலை செய்வது ரெசிஸ்டர். அதை முதலில் பார்.

ஒரு பொத்தானை மட்டும் அழுத்தியிருக்கிறாய் என்று வை. அழுத்திய பக்கத்து டயோடின் வளையமுனையில் 5 வோல்ட் நிற்கிறது, அதனால் அந்த டயோடு மூடிக்கொள்கிறது. அதை மறந்துவிடு. அழுத்தாத பக்கத்தில் மின்னோட்டம் போகும் வழியை விரலால் தடவிக்கொண்டே வா. 5 வோல்ட், புல்-அப் 10 கிலோ, வெளியீட்டுப் புள்ளி, டயோடு, உள்ளீட்டுப் புள்ளி, புல்-டவுன் 10 கிலோ, கிரவுண்டு. ஒரே கோடு. மேலே ஒருவர் இழுக்கிறார், கீழே ஒருவர் இழுக்கிறார், இருவருக்கும் ஒரே பலம். வடம் இழுக்கும்போது இருபக்கமும் சமமாக இருந்தால் கயிறு நடுவில்தானே நிற்கும்?

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. இவ்வளவு சிறிய மின்னோட்டத்தில் 1என்4148 எடுத்துக்கொள்வது ஏறக்குறைய 0.55 வோல்ட். 5-இல் அது போக மீதி 4.45. இரண்டு 10 கிலோவும் அதைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 2.22. உள்ளீட்டுப் புள்ளியில் 2.22, டயோடுக்கு இந்தப் பக்கம் வெளியீட்டில் 0.55 கூட்டினால் 2.77. நீ பார்த்தது 2.78. இரண்டு பொத்தானையும் விட்டால் கீழே இரண்டு 10 கிலோ பக்கவாட்டில் சேர்ந்து 5 கிலோ ஆகிவிடுகின்றன. கீழ்ப்பக்கம் பலம் கூடுகிறது, அளவு 2.02-க்கு இறங்குகிறது. நீ எடுத்த மூன்று அளவுகளும் அவ்வளவு சுத்தமாகப் பொருந்துகின்றன. நீ அளந்து எழுதிய விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

புல்-அப்பை 1 கிலோ ஆக்கியபோது மேலே இழுப்பவருக்குப் பத்து மடங்கு பலம் கொடுத்துவிட்டாய். தோற்க வேண்டியவர் அவர். அண்ட் கேட்டில் புல்-அப் எப்போதும் தோற்கத் தெரிந்திருக்க வேண்டும், யாரும் எதிர்த்து இழுக்காதபோது மட்டும் ஜெயிக்க வேண்டும்.

ஆகவே புல்-அப்பைப் பழையபடி 10 கிலோவாக்கு. உள்ளீட்டுப் புல்-டவுன் இரண்டையும் 1 கிலோவாக்கு. வண்ணப்பட்டை பார்த்து எடு: பழுப்பு, கறுப்பு, சிவப்பு. மூன்றாவது பட்டை ஆரஞ்சாக இருந்தால் அது மறுபடியும் 10 கிலோ. எல்.இ.டி.யை இப்போதைக்கு வெளியே வை. அதுவும் இந்த வடத்தில் கைவைக்கும் இன்னொரு ஆள்.

#5 குமிழ்விளக்கு

ஐயா, வந்துவிட்டது! ஒன்றை மட்டும் அழுத்தினால் 0.98. எதையும் அழுத்தாவிட்டால் 0.76. இரண்டையும் அழுத்தினால் 4.98. காலையில் தோழியை எழுப்பிக் காட்டினேன்.

புத்தகத்தில் உள்ளீட்டை 0 என்றோ 1 என்றோ எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த 0-ஐ யார் கொடுக்கிறார், எந்த வழியாகக் கொடுக்கிறார் என்று ஒரு வரி இல்லை. என் வேலை முழுவதும் அங்கேதான் சிக்கியிருந்தது.

இன்னும் ஒரு சந்தேகம். 0.98 என்பது 0 தானா?

#6 வெள்ளைப்பலகை

அடுத்து யார் அதைப் படிக்கப் போகிறார் என்பதைப் பொறுத்தது. 5 வோல்ட்டில் இயங்கும் 74எச்சி வகை ஐசி 1.5 வோல்ட்டுக்குக் கீழே இருப்பதை 0 என்று ஏற்கும், 3.5-க்கு மேலே இருப்பதை 1 என்று ஏற்கும். அதற்கு உங்கள் 0.98 நல்ல 0. பழைய டிடிஎல் ஐசிக்கு எல்லை 0.8 வோல்ட், அங்கே 0.98 தகராறு. சாதாரண எல்.இ.டி. 1.6 வோல்ட்டுக்குக் கீழே எரியாது, ஆகவே கண்ணுக்கும் அது 0 தான்.

பொத்தானுக்குப் பதில் இருவழிச் சுவிட்சு வைத்து, ஒரு பக்கம் 5 வோல்ட், மறுபக்கம் நேராகக் கிரவுண்டு என்று இணைத்தால் புல்-டவுனே வேண்டாம். வெளியீடு ஏறக்குறைய 0.6-க்கு வந்துவிடும். அதற்குக் கீழே வராது. மிச்சம் இருப்பது டயோடின் சொந்தப் பங்கு.

அடுத்தடுத்துக் கேட் அடுக்கப் போகிறீர்கள் என்பதால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஓர் அண்ட் கேட்டின் 0 என்பது 0.6 வோல்ட். அதை இன்னோர் அண்ட் கேட்டுக்குக் கொடுத்தால் அதன் 0 ஆகிறது 1.2. மூன்றாவதில் 1.8. ஆர் கேட்டில் (ஏதாவது ஓர் உள்ளீடு 1 ஆனாலே 1 தருவது) இதன் மறுபக்கம் நடக்கும்: அங்கே 1 தேய்கிறது. 5 உள்ளே போனால் 4.4, பிறகு 3.8, பிறகு 3.2.

இரண்டையும் கலந்தால் நிலைமை இன்னும் கடினம். அண்ட் கேட்டின் வெளியீட்டை ஆர் கேட்டுக்குக் கொடுக்கிறோம் என்று வையுங்கள். அண்ட் 1 ஆக இருக்கும்போது அதன் டயோடுகள் எல்லாம் மூடியிருக்கும். ஆர் கேட்டின் புல்-டவுனுக்கு மின்னோட்டம் தர வேண்டியவர் அண்ட் கேட்டின் புல்-அப் மட்டுமே. இரண்டும் 10 கிலோ என்றால் மறுபடியும் வடம் நடுவில் நிற்கும், 1 என்பது 2.2 வோல்ட்டாகிவிடும். ஆர் கேட்டின் புல்-டவுனை 100 கிலோ ஆக்கினால் 4 வோல்ட் வரும். அதற்குப் பின்னால் இன்னோர் அண்ட் வேண்டும் என்றால் அதன் புல்-அப் 1 மெகா ஓம் ஆக வேண்டும். ஒவ்வோர் அடுக்குக்கும் பத்து மடங்கு. மெகா ஓம் அளவுக்குப் போய்விட்டால் பிரெட்போர்டில் பட்ட விரலின் ஈரமும் மின்னோட்டத்தில் பங்கு கேட்கும், கேட்டின் வேகமும் இறந்துவிடும். இரண்டு அடுக்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

#7 செம்புக்கம்பி

பழைய வானொலி ஐயா சொன்னது சரி. எல்.இ.டி.யின் வெளிச்சத்தை மட்டும் பார்த்துவிட்டு நான் தவறான பக்கத்தை மாற்றச் சொல்லிவிட்டேன். தங்கை மன்னிக்கவும்.

#8 வேகநடை

குறுக்கே பேசுவதற்கு மன்னியுங்கள். 74எச்சி08 என்ற ஒரே ஐசியில் நான்கு அண்ட் கேட்டுகள் இருக்கின்றன, மூன்றாம் அடுக்கு, முப்பதாம் அடுக்கு எதற்கும் 5 வோல்ட் 5 வோல்ட்டாகவே போகும். சிறிய மைக்ரோகன்ட்ரோலர் வைத்தால் அரைக்கூட்டி நான்கு வரி நிரலில் முடிந்துவிடும். வீணாய்ப் போகிற ஒரு முறையில் மாணவி இரவெல்லாம் விழித்திருக்க வேண்டுமா என்பதுதான் என் கவலை. நல்லெண்ணத்தில் கேட்கிறேன்.

#9 தறிக்கூடம்

நண்பரே, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் "வீணாய்ப் போகிற முறை" என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் நூற்பாலை ஒன்றில் மின் பராமரிப்பில் இருக்கிறேன். தினமும் டயோடு ஆர் கேட்டைத் தொட்டுத்தான் வேலை செய்கிறேன்.

எங்கள் கட்டுப்பாட்டுப் பலகையில் 24 எச்சரிக்கை விளக்குகள். ஒவ்வொன்றும் 24 வோல்ட். விளக்கு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு சோதனைப் பொத்தான் உண்டு, அழுத்தினால் எல்லா விளக்கும் எரியும். ஒரே பொத்தான் 24 விளக்கையும் எரிய வைக்க வேண்டும், ஆனால் ஒரு விளக்கின் எச்சரிக்கை மற்ற விளக்குகளுக்குப் போகக்கூடாது. எப்படி? ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு 1என்4007. ஒன்று அதன் சொந்த எச்சரிக்கைக் கம்பியிலிருந்து, இன்னொன்று பொதுவான சோதனைக் கம்பியிலிருந்து. இதுவா அதுவா, எது வந்தாலும் எரி. 24 ஆர் கேட்டுகள். ஐசி கிடையாது, நிரல் கிடையாது, 24 வோல்ட்டை 5 வோல்ட்டாக்க வேண்டிய தேவையும் கிடையாது.

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் இரவுப் பணியில், திடீரென்று 24 விளக்கும் ஒன்றாக எரிந்தன. மேற்பார்வையாளர் ஓடி வந்தார், பிரிவு முழுவதையும் நிறுத்திவிட்டார்கள். சோதனைப் பொத்தான் சிக்கிக்கொண்டது என்று நினைத்துக் கழற்றினேன். அப்போதும் எரிந்தன. பொத்தான் இல்லாமலே சோதனைக் கம்பியில் 24 வோல்ட் நின்றது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் அணைந்தன. பிறகு மறுபடியும் எரிந்தன. எப்போது எரிகின்றன என்று குறித்துக்கொண்டே நின்றேன். மற்ற எச்சரிக்கைகள் வந்தால் அந்தந்த விளக்கு மட்டும் எரிந்தது. 17-ஆம் எச்சரிக்கை வந்தால் மட்டும் எல்லாம் எரிந்தன.

அந்த நிமிடத்தில் விடை கிடைத்துவிட்டது. 17-ஆம் விளக்கின் சோதனை டயோடு உள்ளே ஒட்டிக்கொண்டு வெறும் கம்பியாகிவிட்டது. 17-இன் மின்சாரம் அந்த வழியாகப் பின்னோக்கிச் சோதனைக் கம்பிக்கு ஏறி, அங்கிருந்து மற்ற 23 டயோடுகள் வழியாக எல்லா விளக்குக்கும் இறங்கியது. டயோடின் ஒரு காலை விடுவித்து மீட்டரை வைத்தேன். இருபுறமும் 0.00. பக்கத்து டயோடு ஒருபுறம் 0.56 காட்டியது, மறுபுறம் எதுவும் காட்டவில்லை. மாற்ற ஐந்து நிமிடம் ஆனது. இந்தத் தங்கை இப்போது கற்றுக்கொள்வதை நான் அன்றைக்குத் தெரிந்து வைத்திருக்காவிட்டால் விடியும்வரை தேடியிருப்பேன்.

தங்கைக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அண்ட் கேட் என்றதும் "இரண்டு கையாலும் பொத்தானை அழுத்தினால்தான் அழுத்து இயந்திரம் இறங்கும்" என்பதைக் கண்காட்சிக்கு மாதிரியாக வைக்கச் சிலர் சொல்வார்கள். மாதிரியாகக்கூட டயோடில் அதைச் செய்யாதீர்கள். டயோடின் கால் ஒன்று கழன்றால் அந்த உள்ளீட்டை 0-க்கு இழுக்க ஆள் இல்லை, கேட் அதை 1 என்றே எடுத்துக்கொள்ளும். ஒரு கையை மட்டும் அழுத்தினாலும் இயந்திரம் இறங்கிவிடும். விரல் போன பிறகுதான் டயோடு போனது தெரியும். அதற்கென்றே பாதுகாப்பு ரிலேக்கள் இருக்கின்றன.

#10 வேகநடை

17-ஆம் விளக்குச் சம்பவத்தை இரண்டு முறை படித்தேன், தாளில் வரைந்தும் பார்த்தேன். என் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் அண்ணா. வீட்டில் என் விசைப்பலகையைத் திறந்து பார்த்தேன், ஒவ்வொரு விசைக்குக் கீழேயும் ஒரு டயோடு உட்கார்ந்திருக்கிறது. ஒரு விசையின் மின்சாரம் இன்னொரு விசை வழியாகப் பின்னோக்கிப் போகாமல் தடுக்கத்தான் என்று இப்போது புரிகிறது.

#11 நூலகத்தூண்

இந்த இழையில் வரலாறும் கொஞ்சம் இருக்கட்டும். அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய நிறுவனம் 1950-இல் சீயாக் என்ற கணினியை இயக்கத் தொடங்கியது. அதில் வெற்றிடக் குழாய்கள் 747 மட்டுமே. ஜெர்மானியம் டயோடுகளோ ஏறக்குறைய 10,500. ஆம், இல்லை என்று தீர்மானிக்கும் வேலை டயோடுகளுடையது, தேய்ந்த துடிப்புக்கு மறுபடி வலுவூட்டும் வேலை குழாய்களுடையது. வெள்ளைப்பலகை ஆசிரியர் சொன்ன "ஒவ்வோர் அடுக்கிலும் தேய்கிறது" என்ற சிக்கலை அவர்கள் அப்படித்தான் சமாளித்தார்கள். குழாய் சூடாகும், மின்சாரம் தின்னும், அடிக்கடி எரிந்து போகும். அதை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு லாபம்.

டிரான்சிஸ்டர் வந்த பிறகும் கணக்கு மாறவில்லை, தொடக்கத்தில் அதுவும் விலை உயர்ந்த பொருள்தான். டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேஷன் 1965-இல் வெளியிட்ட பிடிபி-8 கணினியில் 10,000-க்கும் மேற்பட்ட டயோடுகள், ஏறக்குறைய 1,400 டிரான்சிஸ்டர்கள். ஒரு டிரான்சிஸ்டருக்கு ஏழு டயோடு என்ற கணக்கு.

கண்காட்சிக்கு இன்னொரு யோசனை: பத்துப் பொத்தான்கள், ஓர் ஏழுகோட்டு எண்காட்டி. 7-ஐ அழுத்தினால் 7 தெரிய வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் எரிய வேண்டிய கோடுகளுக்கு ஒரு டயோடு வீதம் போட்டால் போதும், முழுவதும் ஆர் கேட்தான். எண்ணிப் பார்த்தேன்: 0-க்கு 6, 1-க்கு 2, 8-க்கு 7 என்று கூட்டிக்கொண்டே போனால் மொத்தம் 49 டயோடுகள். கட்டம்போட்ட பலகையில் அந்த 49-உம் வரிசையாக நிற்பதே பார்க்க அழகாக இருக்கும்.

#12 குமிழ்விளக்கு

49 டயோடு யோசனை மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் கூட்டியை விட மனம் வரவில்லை. மிகுதி இலக்கம் (1-உம் 1-உம் கூட்டினால் அடுத்த இடத்துக்குப் போகும் 1) முடிந்துவிட்டது, அது அண்ட் கேட்தான். கூட்டல் இலக்கத்துக்கு எக்ஸார் வேண்டும்: இரண்டு உள்ளீடும் வேறுவேறாக இருந்தால் மட்டும் 1. இரண்டு நாட்களாக வரைந்து வரைந்து அழிக்கிறேன், வரவில்லை. டயோடில் எக்ஸார் முடியுமா?

#13 வெள்ளைப்பலகை

முடியாது. காரணம் எளிமையானது. டயோடும் ரெசிஸ்டரும் மட்டும் உள்ள வலையில் ஓர் உள்ளீட்டின் வோல்ட்டேஜை உயர்த்தினால், எந்தப் புள்ளியின் வோல்ட்டேஜும் உயரலாம் அல்லது அப்படியே இருக்கலாம், இறங்க வழியே இல்லை. எக்ஸாரில் ஏ ஏற்கெனவே 1 ஆக இருக்கும்போது பி-யை 0-இலிருந்து 1-க்கு உயர்த்தினால் வெளியீடு இறங்க வேண்டும். அது நடக்காது. 0-ஐ 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் மாற்றும் நாட் கேட்டும் இதே காரணத்தால் கிடையாது.

#14 செம்புக்கம்பி

ஆசிரியர் ஐயா, உங்களை மறுத்துப் பேசத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் என் மேசையில் எக்ஸார் எரிந்துகொண்டிருக்கிறது. சென்ற முறை அளக்காமல் பேசித் தவறு செய்தேன், இந்த முறை அளந்துவிட்டு வந்திருக்கிறேன்.

மின்வழங்கியில் மாறுமின்னோட்டத்தை நேராக்குவதற்கு நான்கு டயோடுப் பாலம் போடுவோமே, அதேதான். மாறுமின்னோட்டம் நுழையும் இரு முனைகளில் ஏ, பி என்று இரண்டு இருவழிச் சுவிட்சுகள். ஒவ்வொன்றும் ஒருபக்கம் 5 வோல்ட், மறுபக்கம் கிரவுண்டு. பாலத்தின் நேர், எதிர் முனைகளுக்கு நடுவே 220 ஓம், ஒரு சிவப்பு எல்.இ.டி. இரண்டு சுவிட்சும் மேலே: எரியவில்லை. இரண்டும் கீழே: எரியவில்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே: நன்றாக எரிகிறது. எது மேலே என்பது பொருட்டே இல்லை. எரியும்போது நேர்முனையில் 4.3 வோல்ட், எதிர்முனையில் 0.7.

#15 வெள்ளைப்பலகை

உங்கள் அளவுகள் சரி. என் சொற்றொடரில் ஒரு சொல் குறைந்துவிட்டது: கிரவுண்டிலிருந்து அளக்கும் எந்தப் புள்ளியும் இறங்காது என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம் இறங்கலாம். உங்கள் எல்.இ.டி. படிப்பது அந்த வித்தியாசத்தைத்தான்.

பாலத்தைக் குறுக்காக வெட்டிப் பாருங்கள், மிக அழகான ஒன்று தெரியும். நேர்முனையில் இரண்டு டயோடுகளின் வளையமுனைகள் சேர்கின்றன, அவற்றின் மறுமுனைகள் ஏ-யிலும் பி-யிலும் இருக்கின்றன. அது ஆர் கேட். எதிர்முனையில் சேர்வது வளையமில்லாத முனைகள், வளையங்கள் ஏ-யிலும் பி-யிலும். குமிழ்விளக்கு முதல் நாள் அமைத்த அண்ட் கேட் அது. ஓர் ஆர் கேட்டும் ஓர் அண்ட் கேட்டும் எதிரெதிரே நிற்கின்றன, நடுவில் விளக்கு. ஆர் 1 ஆகவும் அண்ட் 0 ஆகவும் இருக்கும்போது மட்டும் அது எரிகிறது. எக்ஸாரின் பொருளே அதுதானே: ஏதாவது ஒன்று உண்டு, ஆனால் இரண்டும் சேர்ந்து இல்லை. இத்தனை ஆண்டுகளாகப் பாலத்தைக் கரும்பலகையில் வரைகிறேன், இந்தக் கண்ணோடு ஒருநாளும் பார்த்ததில்லை. செம்புக்கம்பிக்கு என் நன்றி.

ஆனாலும் அரைக்கூட்டியோடு இது நின்றுவிடும். விளக்கின் இருமுனையும் கிரவுண்டில் இல்லை, அந்த வெளியீட்டை இன்னொரு கேட்டுக்குக் கொடுக்க முடியாது. முழுக்கூட்டி (முந்தைய இடத்து மிகுதியையும் சேர்த்துக் கூட்டுவது) வேண்டும் என்றால் டிரான்சிஸ்டர் ஒன்றையாவது உள்ளே விட வேண்டும்.

#16 குமிழ்விளக்கு

பாலத்தை வைத்துக் கூட்டல் விளக்கை எரியவைத்துவிட்டேன்! என் 1 கிலோ புல்-டவுன் வழியாகப் போவதால் வெளிச்சம் கொஞ்சம் குறைவு, ஆனால் நான்கு நிலையிலும் சரி.

அடுத்த அடுக்குக்கும் போக வேண்டும் என்ற ஆசையில், பிசி547 டிரான்சிஸ்டர் ஒன்றை எடுத்து நாட் கேட் செய்ய முயன்றேன். ஆர் 1, அண்ட் 0 என்பதைக் கிரவுண்டு அடிப்படையிலேயே எடுக்கத்தான். அண்ட் கேட்டின் வெளியீட்டை நேராக டிரான்சிஸ்டரின் பேஸில் (அதைத் திறந்து மூடும் கால்) கொடுத்தேன். கலெக்டருக்கும் (வெளியீடு எடுக்கும் கால்) 5 வோல்ட்டுக்கும் நடுவே 1 கிலோ. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் கலெக்டர் 0.1 வோல்ட்டிலேயே கிடக்கிறது. டிரான்சிஸ்டர் அணைவதே இல்லை.

#17 பழைய வானொலி

அம்மா, உன் 0 எத்தனை வோல்ட் என்று முன்பே எழுதியிருக்கிறாய்: 0.98, 0.76. பிசி547 விழித்துக்கொள்ள 0.65 போதும். நீ தூங்கு என்று கொடுக்கும் வோல்ட்டேஜே அதை எழுப்பிவிடுகிறது.

அதன் வாசற்படியை உயர்த்து. அண்ட் கேட்டின் வெளியீட்டுக்கும் பேஸுக்கும் நடுவே இரண்டு 1என்4148-ஐத் தொடராகப் போடு, வளையங்கள் பேஸ் பக்கம் பார்க்கட்டும். இப்போது டிரான்சிஸ்டர் திறக்க 0.6, 0.6, 0.65 மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 1.85 வோல்ட் வேண்டும். 0.98 அந்தப் படியைத் தாண்டாது. பேஸிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ போடு, அணையும்போது பேஸில் தங்கிய மின்னூட்டம் வடிய வழி வேண்டும். டயோடும் டிரான்சிஸ்டரும் சேர்ந்த பழைய கணினிப் பலகைகளில் பேஸுக்கு முன்னால் இப்படி டயோடு நிற்பதைப் பார்க்கலாம். முதல் முறை பார்ப்பவர்களுக்கு அது எதற்கு என்றே தெரியாது.

இன்னொன்று. இனி அண்ட் வெளியீடு 1 ஆக இருக்கும்போது 4.98 வராது. 1.9-க்கு அருகில் நின்றுவிடும், மிச்சத்தை டிரான்சிஸ்டர் எடுத்துக்கொள்ளும். அதைப் பழுது என்று நினைத்து மறுபடி இரவு விழிக்காதே. மிகுதி விளக்கை அந்தப் புள்ளியிலிருந்து எடுக்காமல் கலெக்டரில் வை. 5 வோல்ட், 470 ஓம், எல்.இ.டி., கலெக்டர். இருக்கும் 1 கிலோவும் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கலெக்டரில் இப்போது அண்டின் தலைகீழ் கிடைக்கிறது. அதையும் ஆர் கேட்டையும் இன்னோர் இரண்டு டயோடு அண்டில் சேர், புல்-அப் 10 கிலோ. ஆர் கேட்டின் புல்-டவுன் 1 கிலோவாக இருக்கட்டும், அது இந்த 10 கிலோவை ஜெயிக்க வேண்டும். அதற்குப் பின்னால் மறுபடியும் இரண்டு டயோடு, இன்னொரு பிசி547, அதன் கலெக்டரில் கூட்டல் விளக்கு. பேஸிலிருந்து கிரவுண்டுக்கு இதற்கும் ஒரு 10 கிலோ.

#18 குமிழ்விளக்கு

மூன்று மாலைகள் ஆயின. 10 டயோடுகள், 2 டிரான்சிஸ்டர்கள்.

ஏ 0, பி 0: இரண்டு விளக்கும் அணைந்தே இருக்கின்றன.
ஏ 1, பி 0: கூட்டல் எரிகிறது.
ஏ 0, பி 1: கூட்டல் எரிகிறது.
ஏ 1, பி 1: மிகுதி மட்டும் எரிகிறது.

அண்ட் வெளியீடு 1 ஆகும்போது 1.87 வோல்ட். ஐயா முன்கூட்டியே சொல்லாமல் இருந்திருந்தால் நிச்சயம் எல்லாவற்றையும் பிரித்திருப்பேன். முதல் கலெக்டர், மிகுதி இல்லாதபோது 4.9, இருக்கும்போது 0.08.

கண்காட்சிப் பலகையில் பாலம் ஒருபக்கம், இந்தச் சுற்று மறுபக்கம் என்று இரண்டையும் வைக்கப் போகிறேன். பாலத்தில் ஆர் பாதிக்குச் சிவப்புக் கம்பி, அண்ட் பாதிக்கு நீலக் கம்பி. நாளை பற்றவைக்கத் தொடங்குகிறேன்.

#19 பழைய வானொலி

பற்றவைப்பதற்கு முன் ஒவ்வொரு டயோடின் வளையத்தையும் வரைபடத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார். 1என்4148 கண்ணாடி உடம்பு, காலை வேரோடு ஒட்டி மடக்கினால் விரிசல் விட்டுவிடும். மூக்கு இடுக்கியால் உடம்புப் பக்கத்துக் காலைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மில்லிமீட்டர் தள்ளி மடக்கு. படம் எடுத்ததும் இங்கே போடு அம்மா.